மாயாற்றுக் கூடுகளில் கை வைக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செத்த விலங்குகளைத் தின்று வாழும் பாறு கழுகுகள் பற்றி உங்கள் நாளிதழில் வரும் செய்திகளை விடாமல் படிப்பவள் நான். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநில வனத்துறையினரும் ஒரே நேரத்தில் எடுத்த கணக்கில் 2023 பிப்ரவரியில் 246 கழுகுகள் தெரிந்தன. அந்த ஆண்டின் கடைசியில் 320. 2025இல் வெளியான கணக்கில் 390. அதில் 157 நம் மாநிலத்தில். கூடியவை எல்லாம் புதிதாகப் பிறந்தவை என்று நான் சொல்ல மாட்டேன். எண்ணும் இடங்களும் ஆட்களும் அதிகமானால் கணக்கும் அதிகமாகும். குறையவில்லை என்பதே பெரிய ஆறுதல்.

கவலை வேறு இடத்தில் இருக்கிறது. ஒன்றிய அரசின் 2020-2025 பாறு கழுகுப் பாதுகாப்புச் செயல்திட்டத்தில், புதிய இனப்பெருக்க மையங்கள் அமைக்க வேண்டிய மாநிலங்களாக உத்தரப் பிரதேசம், திரிபுரா, மகாராஷ்டிரம், கர்நாடகம் ஆகியவற்றோடு தமிழ்நாடும் குறிக்கப்பட்டிருந்தது. அந்தத் திட்டத்தின் காலம் முடிந்துவிட்டது. அடுத்ததை எழுத வேண்டிய நேரம் இது. மையம் என்று ஒன்று வந்தால் அதில் வைக்கக் கழுகு வேண்டும். காட்டுக் கூட்டிலிருந்து குஞ்சை எடுத்துவந்து வளர்ப்பதுதான் இந்த மாதிரி மையங்களை ஆரம்பிக்கும் பழைய வழி. தமிழ்நாட்டில் கூடு தேடினால் எல்லோர் கண்ணும் நீலகிரி, சத்தியமங்கலம் பக்கத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கில்தான் போய் நிற்கும். அங்கிருந்து ஒரு குஞ்சைக்கூட எடுக்கக் கூடாது என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

நான் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர். என் பணிக்காலத்தில் பெரும்பகுதி பவானிசாகர், சத்தியமங்கலம், தாளவாடி பக்கத்து மருந்தகங்களில் கழிந்தது. தடுப்பூசி முகாமுக்காக மாயாற்றைப் பரிசலில் கடந்து தெங்குமரஹடாவுக்குப் போயிருக்கிறேன். பறவை ஆராய்ச்சி என் படிப்பு இல்லை. ஆனால் இந்தக் கழுகுகள் எதனால் செத்தன என்பது நேரடியாக என் தொழிலைச் சேர்ந்த விஷயம். அதனால் பேசும் உரிமை எனக்கு உண்டு என்று நினைக்கிறேன்.

குஞ்சு எடுப்பதே தவறு என்று நான் வாதாட வரவில்லை. ஹரியானாவில் பிஞ்சோர் மையம் இனப்பெருக்க மையமாக மாறிய 2004இல் நிலைமை என்ன? 1990களின் தொடக்கத்திலிருந்து 2007க்குள் வெண்முதுகுப் பாறு என்ற இனம் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் அழிந்தது. அந்த ஆண்டுகளில் அதன் எண்ணிக்கை ஆண்டுக்கு நாற்பது விழுக்காட்டுக்கும் மேல் சரிந்துகொண்டிருந்தது. மாட்டுக்குப் போடும் டைக்ளோபினாக் என்ற வலி மருந்துதான் காரணம் என்று பாகிஸ்தானில் நடந்த ஆய்வின் முடிவு வெளியானதே 2004இல்தான். இந்தியாவில் அந்த மருந்துக்குத் தடை வந்தது 2006இல். அந்த நேரத்தில் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கமும் ஹரியானா வனத்துறையும் கையில் கிடைத்ததைக் காப்பாற்றி வைப்போம் என்று முடிவெடுத்தது சரிதான். அன்று கூட்டில் விட்ட குஞ்சு பறக்கக் கற்றுக்கொண்டு முதலில் இறங்கும் மாடே விஷமாக இருக்கலாம் என்ற நிலை. எடுத்ததால் அது பிழைத்தது.

ஏன் குஞ்சு, ஏன் வளர்ந்த பறவை இல்லை என்பதற்கும் நியாயமான பதில் உண்டு. காட்டில் பறந்து பழகிய கழுகைப் பிடித்து அடைத்தால் வலையில் மோதிக் காயப்படும், கூண்டுக்குப் பழகாது, ஜோடி சேராது. குஞ்சாக வந்தது அங்கேயே வளர்ந்து, தானே துணை தேடிக்கொள்ளும். இன்னொன்று, எப்படியும் காட்டில் குஞ்சுகளில் ஒரு பங்கு முதல் சில ஆண்டுகளிலேயே செத்துவிடும். அதனால் ஒரு குஞ்சை எடுப்பதில் கூட்டத்துக்கு வரும் நட்டம், முட்டையிடும் வயதுள்ள ஒரு தாயை எடுப்பதைவிடக் குறைவு. இந்தக் கணக்கை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆயிரக்கணக்கில் கழுகு இருக்கும் இடத்தில் இது சரியாக வரும். நூற்றைம்பது இருக்கும் இடத்தில் வராது.

பாறு ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். தாயும் தகப்பனும் மாறி மாறி ஒன்றரை மாதத்துக்கு மேல் அடைகாக்கும். பொரித்த பிறகு குஞ்சு பறக்க இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். அக்டோபரில் கூடு கட்ட ஆரம்பித்தால் கோடை வரை அந்த ஜோடிக்கு வேறு வேலை இல்லை. அந்தக் குஞ்சு பெரிதாகி முட்டையிட ஐந்து வயதாவது ஆக வேண்டும். 157 என்பது பெரியது, சிறியது எல்லாம் சேர்த்த தலைக்கணக்கு. அதில் ஜோடி எத்தனை, ஜோடியில் முட்டையிட்டது எத்தனை, அதில் பொரித்தது எத்தனை என்று இறங்கிக்கொண்டே போனால் மிஞ்சுவது கொஞ்சம்தான். அதிலும் பெரும்பாலானவை வெண்முதுகுப் பாறுகள். கருங்கழுத்துப் பாறுவும் செந்தலைப் பாறுவும் நம் பக்கம் மிகக் குறைவாகத்தான் இருக்கின்றன. செந்தலைப் பாறு கூட்டமாகக்கூட வாழாது. ஒரு ஜோடி பெரிய பரப்பைத் தனக்கென்று வைத்துக்கொள்ளும். அப்படி ஒரு ஜோடியின் குஞ்சை எடுத்தால் அந்தப் பகுதிக்கு அந்த ஆண்டின் மொத்த வரவும் போயிற்று.

கூட்டில் என்ன நடக்கும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காகிதத்தில் திட்டம் எழுதும்போது இந்தப் பகுதி ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. சீகூர் ஆற்றோரத்திலும் மாயாற்றோரத்திலும் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டுவது பெரும்பாலும் உயர்ந்த நீர்மத்தி மரங்களின் உச்சிக் கிளைகளில். சிறியூர், ஆனைக்கட்டி, ஜகலிக்கடவுப் பக்கம் போனவர்களுக்கு அந்த மரங்களைத் தெரியும். எச்சம் வழிந்து கிளையெல்லாம் வெள்ளையாக இருக்கும். பக்கத்துப் பக்கத்து மரங்களில் பல கூடுகள் இருக்கும். ஒரு கூட்டை நோக்கி ஆள் ஏறினால் அந்த ஒரு ஜோடி மட்டும் எழாது, சுற்றியிருக்கும் எல்லாம் எழும். அடைகாத்துக்கொண்டிருந்த முட்டை வெயிலில் கிடக்கும். பயந்த குஞ்சு கூட்டின் விளிம்புக்கு நகரும். கீழே விழுந்தால் அதோடு சரி. கூடவே அந்த மரங்களில் மலைத்தேனீக் கூடுகளும் தொங்கும், சுற்றி யானையும் புலியும் நடமாடும். கீழே நிற்பவர்களும் அவசரப்படுவார்கள், மேலே ஏறியவரும் அவசரப்படுவார். அவசரத்தில் உயிருள்ள குட்டியைக் கையாண்டால் என்ன ஆகும் என்று எங்கள் தொழிலில் இருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நல்ல ஆரோக்கியமான ஆட்டுக்குட்டிகூடப் பிடித்து அமுக்கும்போது அதிர்ச்சியில் போய்விடுவது உண்டு.

இது வெறும் பயம் இல்லை. கலிபோர்னியாவில் காண்டார் கழுகைக் காப்பாற்றப் போனவர்களுக்கு இதுவே நடந்தது. 1980 ஜூனில் கூட்டிலிருந்த ஒரு குஞ்சை எடைபோட்டு அளவெடுத்துக்கொண்டிருந்தபோதே அது அவர்கள் கையில் செத்தது. அவர்கள் கைதேர்ந்தவர்கள், அக்கறை உள்ளவர்கள். அப்படியும் நடந்தது. பெரிய எதிர்ப்புக் கிளம்பி, அனுமதியே நிறுத்தப்பட்டது. 1982இல் உலகத்தில் மொத்தமே 22 காண்டார்கள் என்ற நிலைக்கு வந்த பிறகு மறுபடியும் குஞ்சுகளையும் முட்டைகளையும் எடுத்தார்கள். 1987இல் காட்டில் இருந்த கடைசிப் பறவையையும் பிடித்துவிட்டார்கள். மொத்தம் 27. அதிலிருந்து பெருகி இன்று ஐந்நூறைத் தாண்டியிருக்கிறது. இனப்பெருக்க மையத்துக்கு ஆதரவாகப் பேசும் எல்லோரும் முதலில் எடுப்பது இந்த உதாரணத்தைத்தான். மிகப் பெரிய வெற்றி, மறுக்கவே முடியாது.

ஆனால் அதன் இன்னொரு பாதியையும் சொல்ல வேண்டும். 1992இல் காண்டார்களைத் திரும்ப வெளியே விட ஆரம்பித்தார்கள். வேட்டைக்காரர்கள் சுட்டுவிட்டுப் போன விலங்கின் உடலில் இருக்கும் ஈயக் குண்டுத் துணுக்குகளைத் தின்று அவை செத்துக்கொண்டே இருந்தன. கலிபோர்னியாவில் ஈயக் குண்டுக்கு முழுத் தடை நடைமுறைக்கு வந்தது 2019இல்தான். இன்றும் ஈயம்தான் அவற்றின் முதல் எமன். பிடித்து, ஈயத்தின் அளவைப் பார்த்து, வைத்தியம் செய்து திரும்ப விடும் வேலை இன்னும் நடக்கிறது. இரையில் விஷம் இருக்கும்வரை கூண்டில் எத்தனை குஞ்சு பொரித்தாலும் இதுதான் கதி.

நம் ஊரில் அந்த விஷம் மாட்டின் உடம்பில் போடும் வலி மருந்து. சினைப்பைக் கோளாறு, மடிநோய், மூன்று நாள் காய்ச்சல், சப்பை நோய் என்று எது வந்தாலும் மாட்டுக்காரருக்கு வேண்டியது உடனே எழுந்து நிற்க வைக்கும் ஊசி. டைக்ளோபினாக் மலிவாகக் கிடைத்தது, சட்டென்று வேலை செய்தது. மருந்து போட்ட சில நாளுக்குள் மாடு செத்து, அதைக் கழுகு தின்றால் கழுகின் சிறுநீரகம் கெட்டுப்போகும். யூரிக் அமிலம் ஈரலிலும் இதயத்திலும் வெள்ளைச் சுண்ணாம்பு பூசினாற்போலப் படிந்துவிடும். கழுத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும், அப்புறம் விழுந்துவிடும். செத்துக் கிடக்கும் நூறு மாடுகளில் ஒன்றுக்கும் குறைவானதில் இந்த மருந்து இருந்தாலே போதும், நாடு முழுக்க நடந்த அந்தச் சரிவு நடந்துவிடும் என்று ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு மாட்டின் மேல் ஐம்பது அறுபது கழுகுகள் சேர்ந்து இறங்குவதால் வரும் வினை இது. இந்த ஒரு கணக்கைத்தான் நான் கிராமக் கூட்டங்களில் திரும்பத் திரும்பச் சொல்வேன். நூற்றில் தொண்ணூற்றொன்பது பேர் ஒழுங்காக இருந்தும் பயனில்லை என்றால் மாட்டுக்காரர்களுக்குச் சட்டென்று புரிகிறது.

2006இல் மாட்டுக்கான டைக்ளோபினாக் தடையானதும் கடைக்காரர்கள் மனிதர்களுக்கான பெரிய பாட்டிலை எடுத்துக் கொடுத்தார்கள். 30 மில்லி பாட்டில் மாட்டுக்கு அளவாக இருந்தது. அதை மூன்று மில்லிக்கு மேல் ஒரே குப்பியில் விற்கக் கூடாது என்று ஆக்க 2015 வரை ஆயிற்று. அதை எதிர்த்து நடந்த வழக்கில் 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அசிக்ளோபினாக் என்ற இன்னொரு வலி மருந்து மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோபினாக்காகவே மாறிவிடும். அதற்கும் கீட்டோபுரோபனுக்கும் தடை வந்தது 2023இல். நிமசுலைடுக்கு 2024இன் கடைசியில். ஒரு மருந்தைத் தடுத்தால் அதே வேலையை வேறு பெயரில் இன்னொன்று செய்யும், அதைப் பிடிக்க ஆண்டுகள் ஆகும். இத்தனைக்கும் மெலாக்சிகம் இருக்கிறது, டால்பினமிக் அமிலம் இருக்கிறது. இரண்டும் கழுகுக்குத் தீங்கு செய்யாதவை, மாட்டுக்கும் நன்றாக வேலை செய்பவை. மாற்று இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

மருந்து மட்டும் அல்ல. புலியோ சிறுத்தையோ பட்டி மாட்டை அடித்துவிட்டால், கோபத்தில் மிச்ச உடலில் பூச்சிமருந்தைக் கலந்து வைக்கும் பழக்கம் முழுதாக ஒழியவில்லை. புலிக்கு வைத்தது கழுகுக்குப் போகும். இழப்பீடு வீட்டுக்கு வரத் தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் அந்தக் கோபம் கூடுகிறது. மாட்டைப் பறிகொடுத்தவரை மட்டும் குற்றம் சொல்லி இதைத் தீர்க்க முடியாது. ஒரு கறவை மாடு என்பது அந்த வீட்டின் மாதச் செலவு. இழப்பீடு ஒரு வாரத்தில் கைக்கு வந்தால் பூச்சிமருந்துக்கு வேலை இல்லை.

இனி, மையத்துக்கு ஆகும் காலத்தைப் பாருங்கள். பிஞ்சோர் மையம் 2004இல் தொடங்கியது. 2008இல்தான் அங்கே வெண்முதுகுப் பாறுவின் குஞ்சு ஒன்று நல்லபடியாக வளர்ந்து இறகு முளைத்தது. எட்டு வெண்முதுகுப் பாறுகளை வெளியே விட்டது 2020 அக்டோபரில். பதினாறு ஆண்டுகள். அங்கே வேலை செய்தவர்கள் மெத்தனமாக இருந்ததால் இல்லை. மெதுவாக வளரும் பறவைக்கு அவ்வளவு காலம் ஆகும், வெளியே இரை சுத்தமாகும்வரை காத்திருக்கவும் வேண்டும். இன்று மாயாற்றில் எடுக்கும் குஞ்சின் பிள்ளை என்றைக்குத் திரும்ப மாயாற்றில் பறக்கும்? அதே குஞ்சைக் கூட்டில் விட்டுவைத்தால் இந்தக் கோடையிலேயே பறக்கும். தாயோடு சேர்ந்து எந்தப் பாறையில் இரவு தங்குவது, எந்த ஓடையில் தண்ணீர் குடிப்பது, எந்தப் பக்கம் காற்று மேலே தூக்கும் என்று கற்றுக்கொள்ளும். கூண்டில் இதைச் சொல்லித்தர ஆள் கிடையாது.

தென்னிந்தியக் கூட்டம் வடக்கிலிருந்து பிரிந்து தனித்து நிற்பது, அதன் மரபுவழியைக் காப்பாற்ற அதிலிருந்தே பறவை எடுக்க வேண்டும் என்று ஒரு வாதம் உண்டு. நல்ல மனதோடு சொல்லப்படும் வாதம்தான். ஆனால் அந்தக் கூட்டம் அவ்வளவு அருமையானது என்றால் அதை இருக்கும் இடத்தில் பெருக விடுவதற்கே அது முதல் காரணமாகிறது. வடக்கில் எல்லாம் போன பிறகு மையம் வைத்தார்கள். இங்கே போகவில்லை. விந்திய மலைக்குத் தெற்கே இன்று வலுவாகக் கூடு கட்டிக்கொண்டிருக்கும் வெகுசில இடங்களில் இது ஒன்று. திருக்கழுக்குன்றத்து மலைக்கு உச்சிவேளையில் வந்துகொண்டிருந்த மஞ்சள்முகப் பாறுகள் 1990களின் கடைசியோடு நின்றுபோயின. அந்த மாதிரி இழந்த இடங்கள் நம்மிடம் நிறைய இருக்கின்றன. மிச்சமிருக்கும் இடத்திலிருந்து எடுத்து இன்னோர் இடத்தில் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மையமே வேண்டாம் என்று பிடிவாதம் பிடிக்கவும் இல்லை. நாளைக்கு ஒரு நோய், ஒரு புதிய மருந்து என்று வந்தால் கைவசம் கொஞ்சம் பறவை இருப்பது நல்லது. அப்படி ஒரு மையம் வைத்தே தீர வேண்டும் என்றால் பிஞ்சோர், போபால், மேற்கு வங்கத்தின் ராஜாபட்காவா, அசாமின் ராணி ஆகிய மையங்களில் ஏற்கெனவே பல நூறு பாறுகள் இருக்கின்றன. பிஞ்சோரிலிருந்து 2024 ஜனவரியில் மகாராஷ்டிரத்தின் பெஞ்ச், தடோபா காடுகளுக்குப் பத்துப் பத்தாகக் கொண்டுபோனார்கள். அதே மாதிரி இங்கேயும் கொண்டுவரலாம். நம் காட்டில் அடிபட்டுக் கிடைப்பது, கூட்டிலிருந்து தானாக விழுந்து திரும்ப ஏற்ற முடியாமல் போன குஞ்சு, இவற்றை அந்த மையத்தில் வளர்க்கட்டும். ஒரு நல்ல மருத்துவர், ஒரு சிறு ஆய்வகம், செத்த கழுகை அன்றே அறுத்துப் பார்த்துச் சிறுநீரகத்தைச் சோதிக்கும் வசதி, இவை அங்கே இருந்தால் அதுவே பெரிய காரியம். இன்று ஒரு கழுகு செத்துக் கிடந்தால் காரணம் தெரிவதற்குள் உடல் அழுகிவிடுகிறது.

மையம் கட்டும் பணத்தில் ஒரு பங்கை நீலகிரி, ஈரோடு, கோவை மாவட்ட மருந்துக் கடைகளில் ரகசியமாக மருந்து வாங்கிப் பார்க்கும் சோதனைக்கு ஒதுக்குங்கள். கழுகுக்கு ஒரு பாதுகாப்பு வளையம் என்றால் கூட்டிலிருந்து சுற்றிலும் நூறு கிலோமீட்டர் தூரம் இரை சுத்தமாக இருக்க வேண்டும். நூறு கிலோமீட்டர் என்றால் மசினகுடியும் தெங்குமரஹடாவும் மட்டும் இல்லை, மைசூரும் கோபிசெட்டிபாளையமும் அதற்குள் வந்துவிடும். ஒவ்வொரு கால்நடை மருந்தகத்திலும் மெலாக்சிகம் தீராமல் இருக்க வேண்டும். கையிருப்பு தீர்ந்த நாளில்தான் மாட்டுக்காரர் கடைக்குப் போகிறார், கடையில் என்ன கொடுக்கிறார்களோ அதைப் போடுகிறார். காட்டுக்குள் இயற்கையாகச் செத்த யானையையும் காட்டெருமையையும் பிரேதப் பரிசோதனை முடிந்ததும் புதைக்காமல் எரிக்காமல் கழுகுக்கு விடுங்கள். மருந்து படாத இரை அதுதான். கூடு கட்டும் மாதங்களில் நீர்மத்தி மரங்களின் பக்கம் வண்டியும் படக்கருவியும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிறியூர்க் கோயில் திருவிழா குஞ்சு வளரும் காலத்தில் வருகிறது. சாமி கும்பிடப் போகிறவர்களைத் தடுக்க வேண்டியதில்லை. ஒலிபெருக்கியையும் வாணவேடிக்கையையும் தவிர்க்கச் சொன்னால் அந்த ஊர் மக்களே கேட்பார்கள். அந்தக் கழுகுகளோடு தலைமுறை தலைமுறையாக வாழ்பவர்கள் அவர்கள்தான்.

2022இல் தமிழ்நாடு அரசு பாறு கழுகுப் பாதுகாப்புக்கென்று மாநில அளவில் ஒரு குழு அமைத்தது. அந்தக் குழுவுக்கு உங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். அடுத்த செயல்திட்டத்துக்கான தமிழ்நாட்டின் கருத்தை ஒன்றிய அரசுக்கு அனுப்பும்போது, நீலகிரி, சத்தியமங்கலம் காடுகளின் கூடுகளிலிருந்து முட்டையோ குஞ்சோ வளர்ந்த பறவையோ எடுப்பதில்லை என்பதை எழுத்தில் சேர்த்து அனுப்புங்கள். கூடு கட்டும் பருவம் அக்டோபரில் தொடங்குகிறது. அதற்கு முன்பே அந்த அறிவிப்பு வெளியானால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர்,
சத்தியமங்கலம்,
ஈரோடு மாவட்டம்.